சனிக்கிழமைப் பொட்டலம்

இல்ல தம்பி, கீழ வெக்காதீங்க. தரை பூரா பனித்தண்ணி. ஒவ்வொருத்தன் பூட்ஸும் ஒரு குட்டையைக் கொண்டாந்து கொட்டியிருக்கு. பொட்டலத்துத் தாள் நனைஞ்சா பிஞ்சுடும். மேலயே வைங்க, இருங்க, என் கிளாஸை நகத்திக்கறேன். ம், அப்படி. நம்பர் மேல வர்ற மாதிரி. சிவப்புப் பென்சில்ல இந்தப் பப்புக்காரி டார்லீன் போட்டிருக்கால்ல, பதினேழுன்னு, அது அழியாம இருக்கணும்.

சிரிக்கறீங்க. சிரிக்க மாட்டீங்களா பின்ன. பாத்ரூம் போறதுக்கு வண்டியை நிறுத்தின ஆளு. சும்மா போகக் கூடாதேன்னு ஒரு பீரு, ஒரே ஒரு நம்பர் மட்டை. கடைசிச் சுத்துல பன்னித் தொடையைத் தூக்கிட்டீங்க. நான் மத்தியானத்துலேருந்து இதே ஸ்டூல்ல உக்காந்து சுத்துக்குச் சுத்து மட்டை வாங்கறேன். சக்கரம் என் பதினாறுகிட்ட வந்து, நிக்கப் போவுதுன்னு நெனச்சேன், ஒரே ஒரு ஆணி தள்ளிப் போச்சு. உங்க மேல கோவமெல்லாம் இல்ல. சக்கரத்து மேல கொஞ்சம் இருக்கு.

உங்க ஊர்ல இது கெடையாதா? அப்ப சனிக்கிழமை சாயங்காலம் என்னதான் பண்ணுவீங்க? இங்க விஸ்கான்சின்ல இந்தப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் பப்புல இந்தக் கறிச் சுத்து இருக்கும். நம்பர் போட்ட மட்டையை வாங்கி வெச்சுக்கணும், டார்லீன் சக்கரத்தைச் சுத்துவா, முள்ளு எந்த நம்பர்ல நிக்குதோ அந்த ஆளு தட்டுலேருந்து ஒரு பொட்டலம் எடுத்துக்கலாம், ஜெயிச்ச நம்பரை டார்லீன் அது மேல எழுதித் தருவா. மட்டைக் காசு ஊர் தீயணைப்பு வண்டிக்குப் போகும். கறி ஸ்டான் கடையிலேருந்து வரும். அதோ, காதுல பென்சிலை வெச்சுக்கிட்டு டிவி பாக்கறானே, அவன்தான் ஸ்டான்.

ரெண்டு சர்ச்சு, ரெண்டு பப்பு, இதான் ஊரு. தண்டவாளத்துக்கு அந்தாண்ட கத்தோலிக்கக்காரங்க, அவங்க பப்புல வெள்ளிக்கிழமை மீன் வறுவல். இந்தாண்ட நாங்க லூத்தரன், எங்க பப்புல சனிக்கிழமை கறி. வெள்ளிக்கிழமை நாங்க அங்க போவோம், சனிக்கிழமை அவங்க இங்க வருவாங்க, ஞாயித்துக்கிழமை மட்டும் அவங்கவங்க கோயிலுக்குப் போயி அடுத்தவங்க நரகத்துக்குத்தான் போவாங்கன்னு கேட்டுக்கிட்டு வருவோம். கல்யாணம் ஆன நாள்லேருந்து என் சனி ஞாயிறு இப்படித்தான் போச்சு. அலுப்பா இல்லையான்னு கேட்டா, இருக்கு. எது அலுக்கல.

கெளம்பறீங்களா? ஒரு நிமிஷம் தம்பி. நான் நேரா கேட்டுடறேன். அந்தப் பொட்டலத்தை எனக்குக் குடுத்துட்டுப் போறீங்களா?

சும்மா வேணாம். வீட்டுல மீனு இருக்கு, ஏரியில ஐஸைத் தொளை போட்டு நானே புடிச்சது, சுத்தம் பண்ணி உறைய வெச்சிருக்கேன். வேணுங்கற அளவுக்கு எடுத்துக்கங்க. உங்களுக்கு மினியாபொலிஸ் வரைக்கும் வண்டி ஓட்டணும். பன்னித் தொடை கெட்டுப் போயிடும்.

ஆமா. வெளிய இருக்கற குளுருக்கு டிக்கியில போட்டா ஏப்ரல் வரைக்கும் கெடாது. அது சரிதான். பொய் சொல்லவும் வரமாட்டேங்குது எனக்கு.

ஸ்டான் கடையில வாங்கிக்கலாமேன்னு கேக்கறீங்க. வாங்கலாம். எதிர்ல தெரியற கட்டடம்தான். அதை விடுங்க. அங்க பாருங்க, சிவப்புத் தொப்பி, கோர்டின்னு பேரு, இங்கயே பாத்துச் சிரிக்கறான். எனக்கு அவன் வெச்சிருக்கற பேரு பன்னிப்பண்ணை. என்னய்யா வெண்டல், ஃப்ரீசர்ல எடம் இருக்கா, இல்ல ஆர்டிஸை வெளிய எடுத்துட்டு பன்னியை உள்ள வெச்சியான்னு போன வாரம் கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆர்டிஸ் என் சம்சாரம்.

அவளும் முன்ன இங்க வேலை பாத்தவதான். டார்லீனும் அவளும் ஒண்ணா பீரு ஊத்தியிருக்காங்க, ஒண்ணா மட்டை வித்திருக்காங்க. இப்ப வர்றதில்ல. இடுப்பு வலி. அப்படித்தான் ஊர்ல சொல்லி வெச்சிருக்கேன்.

இல்ல, வலி ஒண்ணும் இல்ல. அவ இடுப்பு உங்க இடுப்பை விட நல்லா இருக்கு.

உக்காருங்க தம்பி. பனி உருகறதுக்கு ரோட்டுல உப்புப் போட்டுக்கிட்டு இருக்கான், அந்த வண்டி முன்ன போகட்டும், அது பின்னாடி போனீங்கன்னா வழுக்காது. நானும் அஞ்சு மணிக்குள்ள வீட்டுக்குப் போகணும். பொண்ணு வந்திருக்கா, மில்வாக்கியிலேருந்து. ஜோலீன். அம்மாகூட இருக்கா இப்ப. வர்றப்பவே ஒரு முதியோர் ஹோமோட புத்தகத்தைக் கொண்டாந்திருக்கா, வழவழன்னு, முன் அட்டையில கெழவன் கெழவி எல்லாம் பல்லு தெரியச் சிரிக்கறாங்க. நாளைக்கு சர்ச்சு முடிஞ்சதும் பேசணும்ப்பாங்கறா. நல்ல பொண்ணு. என்னையும் நெனச்சுத்தான் சொல்றா. அம்மாவுக்கு உங்களையே தெரியலப்பா, அவங்களுக்கு அங்க இருந்தா என்ன இங்க இருந்தா என்ன, உங்க ஒடம்பைப் பாருங்கங்கறா. காலையில கண்ணாடியில பாத்தேன், அவ சொல்றது சரியாத்தான் தெரிஞ்சுது.

ஆமா தம்பி. மறதி. ரெண்டு குளிர்காலமா.

தெனமும் காலையில நான் காப்பி கொண்டு போய்க் குடுக்கறேன். ரொம்ப நன்றிங்க சாருங்கறா. என் ஆயுசுல அவ எனக்கு நன்றி சொன்னது கெடையாது. வாயைத் தொறந்தா திட்டுத்தான். பூட்ஸைக் கழட்டு, கதவைச் சாத்து, உங்க அம்மா உன்னைப் பெத்ததுக்கு ஒரு கன்னுக்குட்டியைப் பெத்திருக்கலாம், இப்படி. இப்ப என்னடான்னா மடியில துண்டை விரிச்சுக்கிட்டு, நீங்க சாப்பிட்டீங்களா சாருங்கறா. மத்தியானம் ஆச்சுன்னா அவளுக்கே சங்கடமா ஆயிடும். எங்க வீட்டுக்காரரு வர்ற நேரம், நீங்க கெளம்புங்க, அவரு தப்பா நெனைப்பாருன்னு மெதுவா சொல்லுவா. நான் கோட்டை மாட்டிக்கிட்டு வெளிய போயி, வீட்டைச் சுத்தி வந்து, பின்கதவு வழியா உள்ள வருவேன். அதே சார்தான். மரியாதை மரியாதை மரியாதை. எனக்கு மரியாதையே அலுத்துப் போச்சு தம்பி.

இலையுதிர் காலத்துல ஒரு நாள், இங்கேருந்து ஒரு பொட்டலம் அடிச்சுட்டுப் போனேன். உள்ள நுழைஞ்சேன், அவ என் மூஞ்சியைப் பாக்கல, கையைப் பாத்தா. வெள்ளைத் தாளு, சிவப்பு நம்பரு. வந்துட்டியான்னா. இப்பத்தான் வீடு இருக்கறது ஞாபகம் வந்துச்சா, மறுபடியும் பன்னியா, எங்க வெக்கறது இதை, என் தலையிலயா, எத்தனை மட்டை வாங்கின உண்மையைச் சொல்லு, தரையைப் பாரு, பூட்ஸைப் பாரு, வெண்டல், உன்னைத்தான் கேக்கறேன் வெண்டல்.

என் பேரைச் சொன்னா தம்பி.

நான் அப்படியே நின்னேன். அதுக்கும் திட்டினா, கதவைத் தொறந்து போட்டுக்கிட்டு மரம் மாதிரி நிக்கறேன்னு. பொட்டலத்தைப் புடுங்கி, கத்தியை எடுத்து, துண்டு போட்டு, உருளைக்கெழங்கு உரிச்சு, எல்லாம் கை அது பாட்டுக்குச் செய்யுது. வாய் அது பாட்டுக்குத் திட்டுது. எங்க அண்ணன் குடும்பத்தையும் விடல. நான் மேசையில உக்காந்து கேட்டுக்கிட்டே சாப்பிட்டேன். பாத்திரம் கழுவி முடிச்சு கையைத் தொடைச்சா. திரும்பிப் பாத்தா. நீங்க கெளம்பலையா சார், இருட்டிடுச்சேன்னா.

மூஞ்சி மறந்து போச்சு, பொட்டலம் மறக்கல. அன்னையிலேருந்து ஒரு சனிக்கிழமை விடாம வந்து மட்டை வாங்கறேன், அதுலதான் இந்தப் பன்னிப்பண்ணைப் பேரு எனக்கு.

கடையில வாங்கிப் பாத்தேனே. ஹைவேல இருக்கே பெரிய கடை, அங்க. பிளாஸ்டிக் டப்பா, வெலைச்சீட்டு ஒட்டினது. அவ வாங்கிக்கிட்டு, டெலிவரிக்கு வந்த ஆளுன்னு நெனச்சு, எங்க கையெழுத்துப் போடணும்னு கேட்டா. அப்புறம் நானே வெள்ளைத் தாள்ல சுத்தி நானே சிவப்புப் பென்சில்ல நம்பர் போட்டேன். அதைத் தூக்கிப் பாத்துட்டு, இது டார்லீன் எழுத்து இல்லையே, நீங்க யாருன்னு பயந்துட்டா. கட்டின புருஷனைத் தெரியல, டார்லீனோட ஏழு தெரியுது. நடுவுல ஒரு கோடு போடுவா பாருங்க, இதோ, இது.

டார்லீனைக் கேட்டா ஒரு நம்பர் போட்டுத் தர மாட்டாளா? தருவா. அழுதுக்கிட்டே தருவா. அவ நல்லவ, ஸ்டான் நல்லவன், கோர்டிகூட நல்லவன்தான், அதுதான் தொல்லையே. சொன்ன மறுநாள் வாசல்ல ஆளுக்கு ஒரு பாத்திரம் சாப்பாட்டோட நிப்பாங்க. ஆர்டிஸ், என்னைத் தெரியுதா, என்னைத் தெரியுதான்னு வரிசையா கேப்பாங்க. சர்ச்சுல வியாதிக்காரங்க பேரோட அவ பேரையும் சேத்து வாசிப்பாங்க. அவளுக்கு அதெல்லாம் புடிக்காது. இந்த ஊரையே வாயால ஆட்டி வெச்சவ. அவளைப் பாத்து யாரும் பாவம்னு சொல்லக் கூடாது, நான் உசுரோட இருக்கற வரைக்கும். நீங்க வெளியூரு. உப்பு வண்டி போனதும் போயிடுவீங்க. அதனாலதான் உங்ககிட்ட இவ்வளவு பேசறேன்.

மூணு நாலு வாரமா சக்கரம் எனக்கு விழல. இன்னைக்குப் பாத்து ஜோலீன் வந்திருக்கா. நான் இதோட உள்ள போனா, அவ அம்மா திட்டறதை அவ ஒரு தடவை காதால கேப்பா. கேட்டுட்டு அந்தப் புத்தகத்தை மூடி வெச்சா, இந்தக் குளிர்காலம் மட்டுமாவது. இல்லைன்னாலும் சரி. அவளுக்குக் காட்டணும்னுதான் மத்தியானம் இங்க வந்தப்ப நெனச்சேன். பேசப் பேசத்தான் தெரியுது, ஜோலீனுக்காக இல்ல. எனக்குத்தான் வேணும். ஆர்டிஸ் அந்த ஹோமுக்குப் போறதா இருந்தா, போறதுக்கு முன்ன ஒரு தடவை என்னை நல்லாத் திட்டிட்டுப் போகட்டும்.

எடுத்துக்கறேன். எடுத்துக்கறேன் தம்பி. மீனை வேணாம்னு சொல்லாதீங்க, அட்ரஸ் குடுங்க. சரி, வேணாம்னா விடுங்க. கோர்டி பாக்கறான், மொகத்தைத் திருப்பிக்கங்க, நான் உங்களைச் சீட்டாட்டத்துல ஏமாத்திப் புடுங்கினேன்னு நெனச்சுக்கட்டும்.

உப்பு வண்டி போயிடுச்சு. பாத்துப் போங்க. பாலத்துல மெதுவா.

அப்புறம் ஒண்ணு. உங்க கிளாஸ்ல ஒரு வாய் மிச்சம் இருக்கே, குடிக்கப் போறீங்களா? என்னுது பீரு இல்ல, இஞ்சி சோடா. டாக்டர் நிறுத்தி ரொம்ப நாளாச்சு, டார்லீன்தான் பீரு கிளாஸ்லயே ஊத்திக் குடுப்பா. அதை இங்க, இந்தச் சட்டைக் கையில ஊத்துங்க. காலர்லயும் கொஞ்சம். என்ன பாக்கறீங்க, நல்லாவே ஊத்துங்க. இந்த வாடை இல்லைன்னா அவ பாதிதான் திட்டுவா.