மிளகு ஏணியில் வந்த உத்தரவு

பேருந்தில் தூங்குவதுபோல் நடித்து ஒட்டுக்கேட்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. கொல்லிமலை ஏறும்போது வாந்திக்குப் பயந்து கையில் ஓர் எலுமிச்சம்பழமும் இருக்கும். அன்று பக்கத்தில் கை நடுங்கும் மிளகு விவசாயி ஒருவரும், ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அவருடைய அண்ணன் மகளும்.

“கை நடுங்காம பாத்துக்கற டோபமின் செல்லு உங்க மூளையில பாதிக்கு மேல போயிருச்சுங்க சித்தப்பா. கருவுல இருக்கறப்ப மரபணுதான் ‘நீ டோபமின் செல்லா ஆகு’ன்னு அதுங்களுக்குச் சொல்லும்.”

“மறுக்காச் சொல்லச் சொல்லு கண்ணு. தையில மிளகு பறிக்கோணும்.”

“உங்க மூளையில இனிச் சொல்லாதுங்க. ஆய்வகத்துல புதுச் செல்லுகளுக்குச் சொல்ல வெச்சுப் பாக்கறோம்.”

ஒரு வளைவு கடந்தது.

“அப்ப எங்கம்மா என்னைய வயித்துல வெச்சுக்கிட்டே மிளகு ஏணி ஏறுனாளாம். அங்கதான் சொல்லியிருக்கும்.”

இறங்கும்போது விவசாயி என்னிடம் சொன்னார்: “தூங்கறவிய பழத்த இவ்வளவு கெட்டியாப் புடிக்க மாட்டாங்க.”