பெவரிலுக்காக நனைத்த பிட்ச்

என் கணவரைக் கேப்டனாக்குங்கள் என்று கிரிக்கெட் கமிட்டியிடம் கேட்டேன், இன்ஸ்பெக்டர். வேறு எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று ஏமஸ் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். கேட்டேன். கமிட்டிக்காரர்களுக்குத் தேநீர் புரையேறியது.

உங்களுக்குத் தெரியாததல்ல. சம்பளத்துக்கு ஆடுகிறவன் கேப்டனாக முடியாது. சும்மா ஆடுகிற கனவான்தான் ஆகலாம். போரிலிருந்து திரும்பிய நாள் முதல் எங்கள் கவுண்டி அணிக்கு ரன் குவித்தவர் ஏமஸ் டார்டாஃப். அவர் பெவிலியனின் பக்கவாட்டுக் கதவு வழியாக ஆடப் போவார். கேப்டன் மிஸ்டர் பெவரில் நடுக்கதவு வழியாகப் போவார், போன வேகத்தில் திரும்பியும் வருவார். நல்ல மனிதர். தொப்பி அவருக்கு எடுப்பாக இருக்கும்.

"கேட்டுட்டியா?" என்றார் ஏமஸ் அன்று மாலை.

"கேட்டுட்டேன்."

"படிச்ச பொண்ணைக் கட்டாதடான்னு எங்கம்மா தலைப்பாடா அடிச்சுக்கிட்டா."

"அவங்களுக்காவது மாட்டேன்னு சொன்னீங்களே. அதோட அந்த வார்த்தையே தீர்ந்துபோச்சு போல."

சிரித்தார். அவருக்குக் கோபமே வராது.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். ஆனால் மண்ணைப் பற்றி அதற்கு முன்பே தெரியும். அந்த மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர் என் அப்பா. பிட்சை யாரும் மூடுவதில்லை. நனைந்து, மேலே வெயில் அடித்தால் பந்து பாம்பு மாதிரி சீறும். மேட்ச் நடந்த அன்று காலை லேசான தூறல். அப்பாவுக்கு ரொட்டி கொண்டுபோனவள், வேகப்பந்து விழும் இடத்தில் இரண்டு வாளி தண்ணீர் சேர்த்து ஊற்றினேன். முதலில் இறங்குகிறவர் எப்போதும் பெவரில்தான். ஒரு கை எலும்பு முறியும், ஒரு மாத ஓய்வு, அதுவரை மூத்த ஆட்டக்காரர் என்று ஏமஸ் தற்காலிகக் கேப்டன். நான் ஒன்றும் பேராசைக்காரி அல்ல.

வெயில் வந்தது. பெவரில் பிட்சை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"டார்டாஃப், இன்னிக்கு நீ முதல்ல இறங்குப்பா. எனக்கு முழங்கால் ஒரு மாதிரியா இருக்கு."

"சரிங்க சார்."

பிட்ச் கெட்டால் கனவான்கள் பின்னால் போவார்கள், கூலிக்காரன் முன்னால் போவான். பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். அதைப் போய் மறந்திருக்கிறேன்.

பக்கவாட்டுக் கதவு என் பெஞ்சை ஒட்டித்தான் இருந்தது. கையை நீட்டினால் அவர் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

"ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"முடியாதுன்னு சொல்லுங்களேன்."

"சார் சொல்லிட்டாரேம்மா."

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோபம் என்று எழுதாதீர்கள். ஒரு முறையாவது பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான்.

மூன்றாவது பந்து நெற்றிப்பொட்டில் பட்டது. இரண்டு கண்ணும் போய்விட்டன. பெவரில் ஆஸ்பத்திரிக்குத் திராட்சை கொண்டுவந்தார். ஏமஸ் சத்தம் வந்த பக்கம் திரும்பி எழுந்து நிற்கப் பார்த்தார். "உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்?"

மழைதான் காரணம் என்கிறீர்கள். துக்கத்தில் பேசுகிறேன், வீட்டுக்குப் போய் அவரைக் கவனிக்க வேண்டும் என்கிறீர்கள். பேனாவையும் மூடிவிட்டீர்கள். சரி. லண்டனில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது, வண்டிக்கு நேரமாகிறது. அவருக்கு அவர் அம்மா இருக்கிறாள். நான் கூட இருந்தால், பாவம், என்னிடமும் சரி சரி என்றே காலம் தள்ளுவார். அவர் நன்மைக்காகத்தான் இதையும் செய்கிறேன். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், கதவை நானே சாத்திக்கொள்கிறேன்.