நீல கேட் போட்ட வீடு

உண்மையைச் சொன்னால் எனக்குச் சீட்டாடவே வராது ஐயா. எங்கள் தோட்டத்து இழவு வீடுகளில் விடிய விடிய 304 ஆடுவார்கள். என்னை மட்டும் பிளேன்டீ ஊற்ற அனுப்பிவிடுவார்கள். நல்ல சீட்டு வந்தால் என் காது இரண்டும் தூக்கிக்கொள்ளுமாம், கெட்ட சீட்டு வந்தால் வாடித் தொங்குமாம். கணபதி என்று பெயர் வைத்ததற்குக் காதாவது ஒத்துழைக்கிறதே என்று நானும் சிரித்துக்கொள்வேன்.

தமிழிலேயே எழுது என்று தாளைத் தந்தீர்கள். எழுதுகிறேன்.

மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கும் கடையில் தராசு பிடிக்கிறவன் நான். பக்கத்தில் மர்சூக்கின் இன்டர்நெட் கடை. கம்ப்யூட்டரில் காசு வைத்துப் போக்கர் ஆடலாம் என்று காட்டித் தந்தவன் அவன்தான். துபாயில் அவனுடைய அண்ணன் இருக்கிறார், நானா என்பான். அவருடைய கார்டில் கணக்கு. நான் கையில் காசைக் கொடுத்தால் அதில் ஏற்றிவிடுவான். எதிரே ஆடுகிறவன் நோர்வேயில் இருப்பான், பிரேசிலில் இருப்பான். அவனுக்கு என் காது தெரியாது. கையில் குப்பைச் சீட்டை வைத்துக்கொண்டு காசு முழுவதையும் முன்னே தள்ளினால், பயந்து ஒதுங்கிவிடுகிறான். அதுவரை என்னைப் பார்த்து யாரும் பயந்ததில்லை ஐயா. அது ஒரு சுகம்.

காசு என் மனைவி சந்திரகாந்தா அனுப்பியது. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். தோட்டத்தில் எங்களுக்கு ஏழு பேர்ச் காணி கிடைத்திருந்தது. அதில் வீடு கட்டத்தான் அந்தக் காசு. அத்திவாரம் போட்டேன், அதில் பொய் இல்லை. அதற்கு மேல் எழும்பியது புல் மட்டும்தான்.

ஒரு போயா லீவு நாளில் கூரை போடுகிற அளவுக்கு வென்றேன். சுவருக்கும் சேர்த்து வென்றுவிடலாம் என்று தோன்றியது. நியாயமான யோசனைதானே, சுவர் இல்லாமல் கூரையை எங்கே வைப்பது? மறுநாள் பொழுது சாய்வதற்குள் இரண்டும் போய்விட்டன. வென்ற சூட்டில் புது வீட்டுக்கென்று வாங்கிய சுவர்க் கடிகாரம் மட்டும் மிச்சம். நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் மாட்டியிருக்கிறேன். நேரம் சரியாகக் காட்டும்.

வீட்டைப் போட்டோ பிடித்து அனுப்புங்கள் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தம்புள்ளை பஸ்ஸில் போகும்போது, பலாபத்வலையில் ரோட்டோரமாக நீல கேட் போட்ட ஒரு வீடு. மர்சூக்கின் கமெராவால் ஜன்னல் வழியே எடுத்து அனுப்பினேன். படத்தின் ஓரத்தில் ஆமி செக்பொயின்ட்டின் மணல் மூட்டைகள் விழுந்திருந்தன. நான் கவனிக்கவில்லை. அவளும் வீட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

"கேட்டெல்லாம் போட்டுட்டீங்களா? ஏங்க இம்புட்டுச் செலவு," என்று போனில் அழுதாள். "அடுத்த மாசம் வந்துடுறேங்க. இந்தத் தீவாளி நம்ம வீட்டுலதான்."

எனக்குத் தேவைப்பட்டது கொஞ்சம் அவகாசம். சந்தேகமான ஆட்களைப் பற்றிச் சொல்ல ஒரு நம்பர் இருந்ததே, அதற்கு அடித்தேன். பெயர் சொல்லாமல், சிங்களத்தில், இன்ன பிளைட்டில் வருகிற இன்ன பெண் புலிகளுக்கு வேண்டியவள் என்றேன். போனுக்கும் காது தெரியாது. பத்து நாள் வைத்து விசாரிப்பார்கள், கையில் ஒன்றுமில்லை என்று கண்டதும் விட்டுவிடுவார்கள், அதற்குள் விட்டதைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஏர்போர்ட்டில் பிடித்தபோது அவள் பையில் அந்தப் போட்டோ இருந்தது. இது யார் வீடு என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீடு என்றிருக்கிறாள். போய்ப் பார்த்தால் அது ஓய்வுபெற்ற ஒரு போஸ்ட் மாஸ்டரின் வீடு. செக்பொயின்ட் மட்டும் படத்தில் உள்ளபடியே இருந்தது.

படத்தை எடுத்துக்கொண்டு லயத்துக்கு வந்தார்கள். நான் எடுத்தது என்றால், சொந்த வீடு எங்கே, காசு எங்கே என்று அடுத்த கேள்வி வரும்.

"தெரியாதுங்க சேர். அவ எங்கிட்ட ஒண்ணுமே சொல்றதில்லீங்க," என்றேன்.

மாமியார் கிருஷ்ணம்மா பக்கத்தில் நின்று என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. என் ஆயுளில் முதல் தடவை.

அது நடந்து எட்டு மாதம். போன வாரம்தான் அவளைப் பார்க்க விட்டார்கள். முன்பல் இரண்டு இல்லை. எப்படிப் போயிற்று என்று நான் கேட்கவில்லை.

"அவங்க வேற யார் வீட்டுக்கோ போயிட்டாங்க போலங்க," என்றாள். "நீலக் கேட்டு, நீலக் கேட்டுன்னு நானும் சொல்லிட்டேதான் இருக்கேன். நீங்க கூட்டிட்டுப் போயி நம்ம வீட்டக் காட்டுங்க, விட்டுருவாங்க."

"காட்டுறேன்," என்றேன்.

"ஏங்க, காது ரெண்டும் வாடிக் கெடக்கே. சாப்பிடலையா?"

அதைக் கேட்ட பிறகுதான் ஐயா, நானாக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். போனில் சொன்னது நான். போட்டோ எடுத்தது நான். தெரியாது என்றது நான். அவள் ஒரு பாவமும் அறியாதவள். அவளை விட்டுவிடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும். உடனே வேண்டாம். ஒரு மாதம் கழித்து விட்டால் போதும். அதுவரை என்னையும் வெளியே வைத்தால் உதவியாக இருக்கும். இந்த வாரம் சீட்டு நன்றாக விழுகிறது, வேண்டுமானால் மர்சூக்கைக் கேட்டுப் பாருங்கள். இப்போது அவளைக் கொண்டுபோய் அந்தப் புல்லில் நிறுத்தினால் தாங்கமாட்டாள். அவள் மனசு நோகும்படி நான் ஒரு நாளும் நடந்ததில்லை.