டாக்டரம்மா கையில் விழுந்த அடி

அட்டனில் ரயில் நகர்ந்ததும், எதிரே ஸ்வெட்டர் போட்டிருந்த அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"ஆஸ்பத்திரியில மூச்சு விட முடியாமக் கெடந்தப்பவும் டாக்டரம்மா கையில ஒரு அடி போட்டுட்டேன்."

"ஐயையோ, ஏங்கக்கா?"

"நெஞ்சுல சில்லுனு வழவழன்னு என்னமோ ஊர்ந்துச்சு. தேயிலைக் கொழுந்து எடுக்குற கை சும்மா இருக்குமா? அட்டை ஏறிருச்சுன்னு அடிச்சிட்டேன். பாத்தா, ஸ்கேன் பண்ணத் தடவுன களிம்பு!"

"கோவிச்சுக்கிட்டாங்களா?"

"சிரிச்சிட்டாங்க. டீவியில என் இருதயத்தையே காட்டுனாங்க. இத்தன நாளு ஆஸ்துமா இழுப்புன்னுதானே வாயில பம்பு அடிச்சேன்? இழுப்பே இல்லையாம். இருதயம் சோந்துபோயி நெஞ்செல்லாம் தண்ணி கோத்திருக்காம். உடனே ஊசி போட்டாங்க, தண்ணியெல்லாம் ஒண்ணுக்காப் போயிருச்சு. ஒரு மாசமா உக்காந்தே தூங்குனவ, அன்னைக்குத்தான் நீட்டிப் படுத்தேன்."

"சாப்பாட்டுல பத்தியம் இருக்கா?"

"கருவாடு கூடாது. உப்ப நல்லாக் கொறைக்கணுமாம்."

றொசல்ல ஸ்டேஷன் வந்தது. இறங்குவதற்கு டிக்கெட்டைத் தேடிப் பையைக் கவிழ்த்தார். பெரிய உப்புப் பொட்டலம் ஒன்று மடியில் விழுந்தது.

"அக்கா! இப்பதானே உப்பு கூடாதுன்னீங்க?"

"இது எனக்கில்ல புள்ள. நாளையிலருந்து கொழுந்தெடுக்க மலைக்குப் போறேன்ல, கால்ல ஏறுற அட்டைக்கு."