வேதமணியின் கழுவாத வாளி

அவைத் தலைவர் அவர்களே, துயரத்தோடு முன்வரிசையில் இருக்கும், மறைந்தவரின் துணைவியார் கிருபை அம்மாள் அவர்களே, தூத்துக்குடிப் பெருமக்களே!

எங்கள் பள்ளியின் விலங்கியல் ஆசிரியர் வேதமணி மறைந்துவிட்டார். பக்கத்து அறையில் ரசாயனம் நடத்தும் செல்லப்பாண்டி பேசுகிறேன். இந்தக் கூட்டத்தைப் பார்க்கிறேன். பெரியதாழையிலிருந்தும் விளாத்திகுளத்திலிருந்தும் வண்டி கட்டி வந்திருக்கிறார்கள்! நான் செத்தால் இதில் பாதி வருமா? இதிலும் என்னை முந்திக்கொண்டார். எனக்கு வயிறு எரிகிறது ஐயா, எரிகிறது!

அவர் முத்துச்சிப்பி வளர்த்ததால்தான் நானும் வளர்த்தேன். அவருக்குப் பின்கட்டில் நாலு மண்தொட்டி, எனக்கும் நாலு. தினமும் பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுக் கடல்நீர் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு தொட்டிக்கும் நடுவே நான் வாளியை நல்ல தண்ணீரில் கழுவுவேன். நம் ஊரில் நல்ல தண்ணீருக்கு என்ன பாடு என்று உங்களுக்கா தெரியாது? "பிள்ளையளுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல, வாளியக் குளிப்பாட்டுதாராம்!" என்று என் வீட்டுக்காரி செல்லக்கிளி தினமும் சத்தம் போடுவாள். வேதமணியோ கழுவவே மாட்டார். கேட்டால், "ஏம்வே, இருக்குத தண்ணிய வாளிக்கு ஊத்திட்டு நாம எதைக் குடிக்க?" என்பார்.

ஒருநாள் அவருடைய முதல் தொட்டியில் ஆண் சிப்பி ஒன்று பால்போல விந்துநீரை வெளிவிட்டது. அதை இறைத்த வாளியாலேயே அடுத்த தொட்டிக்கும் நீர் ஊற்றினார். சற்று நேரத்தில் அந்தத் தொட்டிச் சிப்பிகளும் முட்டையையும் விந்தையும் விட்டன. பிறகு மூன்றாவது. பிறகு நாலாவது! என் தொட்டியிலும் ஒரு சிப்பி பால் விட்டதே! மற்றத் தொட்டிகளில் ஏன் ஒன்றும் அசையவில்லை? நான்தான் சேதியைக் கழுவிக் கழுவிக் கொட்டிவிட்டேனே!

ஆம், சேதி! வாயில்லாத உயிரணுவும் பேசும் என்று கண்டார் வேதமணி. ஓர் உயிரணு ஒரு பொருளைக் கசியவிடுகிறது, நீர் அதைச் சுமக்கிறது, இன்னோர் உயிரணு அதை உணர்ந்து விழிக்கிறது. நம் உடம்புக்குள்ளும் இதே பேச்சுத்தான் என்பார். பயந்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி ரத்தத்தில் சேதி அனுப்புகிறது, நெஞ்சு படபடக்கிறது. பொறாமைக்கு எந்தச் சுரப்பி என்று நான் அவரைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

தன் முடிவைச் சரிபார்க்க என்னிடமே வந்தார். "உம்ம வாளியக் கொஞ்சம் தாரும்." என் வாளியால் ஊற்றிய தொட்டியில் ஒன்றும் நடக்கவில்லை. அவர் வாளியால் ஊற்றியதில் எல்லாம் நடந்தது. இதே மன்றத்தில் அதைச் சொன்னார், நீங்கள் கைதட்டினீர்கள். அவர் கண்டுபிடிப்பாளர். நானோ, கழுவின வாளி! கடைத்தெருவில் இன்றும் என்னை அப்படித்தானே கூப்பிடுகிறீர்கள்?

காய்ச்சலில் படுத்தவரைப் போய்ப் பார்த்தேன். "அந்தத் தண்ணில சேதி இருக்கு, சரி. அது என்ன பொருளுன்னு எனக்குப் பிடிபடலவே. அது ரசாயனம். உம்ம பாடம்," என்றார். பாதி வேலையை என் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் கண்டுபிடித்தாலும் என்ன சொல்வீர்கள்? வேதமணி தொடங்கியது என்பீர்கள். தெரியாதா எனக்கு?

ஆனாலும் விட மாட்டேன். நேற்று அந்த வாளியைக் கேட்டு அவர் வீட்டுக்குப் போனேன். "கழுவித் தாரேன் அண்ணாச்சி," என்றார் கிருபை அம்மாள். "வேண்டாம்மா, அப்படியே தாங்க," என்று வாங்கி வந்தேன்.

நாளைக்குப் புதுச் சிப்பி வருகிறது. வேலையைத் தொடங்குகிறேன். இது இந்த அவைக்கு நான் தரும் வாக்கு. அந்தப் பொருள் இன்னதென்று நான்தான் சொல்வேன், வேறு யாரையும் சொல்லவிட மாட்டேன்! ஆனால் கண்டுபிடித்த அன்று, பக்கத்து அறைக்கு ஓடிப்போய், "பாத்தீரா வே!" என்று நான் யாரிடம் சொல்வேன், வேதமணி?