கடைசியாக நன்றாக இருந்த நேரம்

"சட்னியில உப்பு கம்மி," என்றார் என் கணவர் ஜெபசீலன், காலை இட்லியைப் பிட்டபடி.

"போட்டுக்கோங்க."

"போட்டுக்கிறேன். அடுத்த மாசத்துலேர்ந்து நான் கூடுவாஞ்சேரி ஃப்ளாட்ல இருந்துக்கிறேன். நீ இங்கயே இரு. சண்டையெல்லாம் இல்ல. பேச ஒண்ணும் இல்ல, அவ்ளோதான்."

அத்தனையும் தெளிவாகச் சொன்னார். ஓர் எழுத்துகூடக் குழறவில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

உப்புக் கிண்ணத்துக்கு நீண்ட வலது கை பாதியில் விழுந்தது. வாய் ஒரு பக்கம் இறங்கியது. தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் சிடி ஸ்கேன் எடுப்பது என் வேலை. இடது பக்க மூளைக்குப் போகும் ரத்தம் எங்கோ அடைபட்டுவிட்டது என்று பார்த்ததுமே புரிந்தது. பேச்சும் அந்தப் பக்கம்தான்.

நான் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. ஆம்புலன்ஸில் வழி முழுக்க அவர் கையை விடவில்லை.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. அடைப்பு என்றால் ஆரம்பத்தில் படம் பெரும்பாலும் சுத்தமாகவே தெரியும். நாலரை மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசி உண்டு. ஆனால் எப்போது தொடங்கியது என்று அந்தப் படம் சொல்லாது. எம்ஆர்ஐ ஓரளவு சொல்லும். நான் அழைத்துப்போன ஆஸ்பத்திரியில் அது கிடையாது. அங்கே மனைவியைத்தான் கேட்பார்கள்.

"ஆன்ட்டி, சார் கடைசியா எப்போ நார்மலா இருந்தாரு?" என்றார் இளம் டாக்டர் ஆஸ்டின்.

"நேத்து ராத்திரி படுக்கும்போது நல்லாத்தான் இருந்தாரு, டாக்டர். காலையில எழுந்திருக்கும்போதே இப்படி."

ஊசி போடவில்லை.

பழிவாங்கினேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஃப்ளாட்டில் தனியாக அவருக்கு யார் சமைப்பார்கள்? இப்போது அவர் எங்கும் போவதில்லை. "உங்கள மாதிரி பொறுமை யாருக்குக்கா வரும்?" என்கிறாள் சபையில் எப்சி. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

தமிழாசிரியராக இருந்தவர். ஸ்டேஷன் கூட்டத்தில் எப்போதோ படித்த மாணவனைக்கூடப் பெயர் சொல்லி நிறுத்துவார். என்னை மட்டும் கல்யாணமான நாளிலிருந்து 'இந்தாம்மா'தான். அதைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும் என்று எப்போதும் நினைப்பேன். ஏதோ கூச்சம், கேட்டதில்லை.

இப்போது அவரிடம் மிஞ்சியிருப்பது 'த... த...' மட்டும். இன்று காலை சட்னியில் உப்பைச் சரிபார்த்து, இட்லியைப் பிசைந்து ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சம் போயிருந்தது. குனிந்து, காதோடு கேட்டேன்:

"ஒரே ஒரு தடவை, என்னை ஞானஜோதின்னு கூப்பிடுங்க."