எந்த வீட்டில் சாவு

காலை எட்டு பத்து. தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் பேருந்து. சாரலுக்காக ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். முன் இருக்கையில் இருவர்.

"அண்ணாச்சி செத்ததுக்கும் அண்ணாச்சிக்கே போன் போட்டுட்டேன் வே" என்றார் நரைத்தவர்.

"கிறுக்கா வே உமக்கு?"

"பழக்கம் வே. ஊர்ல எந்தச் சாவுன்னாலும் மொத போன் அவருக்குத்தான? ஐஸ் பெட்டியில இருந்து குழி வெட்டுத வரைக்கும் அவருதான பாப்பாரு. லாரி அடிச்சிட்டுன்னு சேதி வந்ததும், கை தானா அவரு நம்பரை அமுக்கிட்டு."

"யாரு எடுத்தா?"

"மதினி. போனை வீட்லயே வச்சிட்டுப் போயிருக்காரு. மதினிக்கு இன்னும் சேதி போவல. 'எந்த வீட்ல தம்பி சாவு? அவுக, மவளுக்கு மங்குஸ்தான் பழம் வாங்க குத்தாலம் போயிருக்காவ. வந்ததும் அனுப்புதேன்'னாவ."

"நீரு என்ன சொன்னீரு?"



"சரி மதினி, வரச் சொல்லுங்கன்னு வச்சிட்டேன்."